அண்ணன் மகளுக்குச் சாத்திய கதவு

'பிரேவ்ஹார்ட்' பார்க்காதவங்க ஹாஸ்டல்ல ரொம்பக் கம்மி. அதில் மெல் கிப்சனின் வில்லியம் வாலஸைக் காதலிக்கிற ஒரு பிரெஞ்சு இளவரசி வருவாள், ஞாபகம் இருக்கா? சோஃபி மார்சோ நடித்த பாத்திரம். கடைசியில் அவள் வயிற்றில் வளர்வது வாலஸின் குழந்தை என்று வேற காட்டுவாங்க.

நிஜத்தில் வாலஸ் கொல்லப்பட்டது 1305 ஆகஸ்டில். அப்போ அந்த இளவரசிக்குப் பத்து வயசு இருந்தாலே அதிகம். பிரான்ஸில் அப்பா வீட்டில் இருந்தாள், இங்கிலாந்தில் காலே வைத்ததில்லை. அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது 1312ல், அதாவது வாலஸ் செத்து ஏழு வருஷம் கழித்து. படத்துக்காக அடித்து விட்டாங்க, அவ்ளோதான்.

ஆனா அந்தப் பொண்ணு கற்பனை இல்லை. பேர் இசபெல்லா. படத்தில் அவளுக்கு எழுதிய கதையை விட நிஜக் கதை பத்து மடங்கு கனமானது. ஒரு நாட்டின் ராணியாக இருந்துகொண்டே அந்த நாட்டின் மேல் படையெடுத்து, சொந்தக் கணவனை சிம்மாசனத்திலிருந்து இறக்கியவள். பிறந்த வீட்டு சிம்மாசனத்துக்காக நூறு வருஷத்துக்கும் மேல் நடந்த ஒரு யுத்தத்தின் மூல காரணமும் அவள் வழியாகத்தான் வருகிறது.

முதல்ல பிறந்த வீட்டைப் பார்த்துடலாம். 987ல் ஹ்யூ கபே என்ற பிரபு பிரான்ஸுக்கு ராஜாவானான். அவன் வம்சம்தான் கபே வம்சம் (காபி கடை இல்லைங்க). இந்தக் குடும்பத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. 987லிருந்து 1316 வரை, 329 வருஷம், செத்துப்போன ஒவ்வொரு ராஜாவுக்கும் பட்டத்துக்கு வர ஒரு மகன் உயிரோடு இருந்தான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிச்சவங்களுக்கு சொன்னா, பேருக்குத்தான் இது ட்ரீ. மெயின் லைனை மட்டும் எடுத்தால் பக்கா லிங்க்டு லிஸ்ட். அடுத்த நோடு எதுன்னு யாரும் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மூத்தவனுக்கு கிரீடம், தம்பிகளுக்கு ஆளுக்கொரு சீமை. இப்படித்தான் கிளைகள் முளைத்தன. பர்கண்டியில் ஒரு கிளை. அதிலிருந்து போன ஒருத்தன் வழியில் போர்ச்சுகலுக்கே ராஜாக்கள் வந்தார்கள். ஆர்ட்வாவில் ஒரு கிளை. அன்ஜூவில் ஒன்று, அது நேப்பிள்ஸ், ஹங்கேரி என்று எங்கெங்கோ போய் ஆண்டது. ஒன்பதாம் லூயியின் கடைசி மகன் ராபர்ட் வழியில் பூர்பன் கிளை. நம்ம கேன்டீன் போர்பன் பிஸ்கட்டுக்குப் பேர் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்றாங்க. மெயின் லைன் உயிரோடு இருக்கிறவரை இந்தக் கிளைகளுக்கெல்லாம் பட்டத்தில் பங்கு கிடையாது. காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இசபெல்லா பிறந்தது 1295 வாக்கில். அப்பா நான்காம் ஃபிலிப். பார்க்க அழகன், மனசு கருங்கல். டெம்ப்ளர் வீரர்களை 1307ல் ஒரே நாளில் நாடு முழுக்கக் கைது செய்தானே, அதே ஆள். அம்மா ஜோன், நவார் நாட்டின் ராணி. இந்த இடத்தைக் கவனிங்க. அவள் ராஜாவைக் கட்டிக்கொண்டதால் நவாருக்கு ராணி ஆனவள் இல்லை. அப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லாததால் தன் சொந்த உரிமையில் சிறு வயதிலேயே ராணியானவள். அதாவது, பெண் பட்டத்துக்கு வருவது இசபெல்லாவின் வீட்டில் யாரும் கேள்விப்படாத விஷயமே இல்லை.

இசபெல்லாவுக்கு மூன்று அண்ணன் தம்பிகள் பெரியவர்கள் ஆனார்கள்: லூயி, ஃபிலிப், சார்லஸ். மூன்று ஆண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெண் பிள்ளை எதற்கு? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு பதிலாகக் கொடுப்பதற்கு. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் கஸ்கனி என்ற தென்மேற்குச் சீமையைப் பற்றித் தீராத தகராறு. அதைத் தீர்க்க இசபெல்லாவைச் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்து இளவரசனுக்குப் பேசி முடித்தார்கள். 1308 ஜனவரி 25ல் பூலோன் நகரத்தில் கல்யாணம். அவளுக்கு 12 வயசு. மாப்பிள்ளை இரண்டாம் எட்வர்டுக்கு 23.

ஒரு மாதம் கழித்து லண்டனில் முடிசூட்டு விழா. அதில் கிரீடத்தை ஏந்தி வந்தது பியர்ஸ் கேவஸ்டன் என்ற கஸ்கனிக்காரன், எட்வர்டின் உயிர்த்தோழன். தோழன் மட்டும்தானா என்று அப்போதே ஊர் பேசியது. விருந்தில் எட்வர்ட் புது மனைவியை விட்டுவிட்டு அவனோடவே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். பொண்ணு வீட்டுத் தரப்பில் வந்திருந்த சித்தப்பாக்கள் இரண்டு பேர், வாலுவா சார்லஸும் எவ்ரோ லூயியும், கொதித்துப்போய் ஊர் திரும்பினார்கள். இந்த இரண்டு பேரையும் ஞாபகத்தில் வைங்க. அன்றைக்கு அந்தச் சின்னப் பொண்ணுக்காகக் கோபப்பட்ட இந்த இரண்டு சித்தப்பாக்களின் பிள்ளைகள்தான் பின்னால் அவள் பிறந்த வீட்டு இரண்டு கிரீடங்களையும் பங்கு போட்டுக்கொண்டவர்கள்.

1312ல் பிரபுக்கள் கேவஸ்டனைப் பிடித்துக் கொன்றார்கள். அதே வருஷம் நவம்பரில் இசபெல்லாவுக்கு மகன் பிறந்தான், அவன் பேரும் எட்வர்ட். அடுத்த பத்து வருஷம் கல்யாணம் ஓரளவு ஓடியது. இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கணவனுக்காக பிரான்ஸ் போய் அப்பாவிடம் பேசி வருவது, பிரபுக்களோடு சண்டை வந்தால் நடுவில் நின்று சமாதானம் செய்வது, எல்லாம் அவள்தான்.

அப்படி ஒரு பேச்சுவார்த்தைக்கு 1314ல் பாரிஸ் போனாள். அப்போ நடந்ததுதான் எல்லாத்தையும் மாத்திச்சு.

முந்தைய வருஷம் வந்தபோது அண்ணிகளுக்கு அவள் பின்னல் வேலைப்பாடு செய்த பணப்பைகளைப் பரிசாகக் கொடுத்திருந்தாளாம். அந்தப் பைகள் இப்போ இரண்டு வீரர்களின் இடுப்பில் தொங்குவதைப் பார்த்தாளாம். ஃபிலிப் டோனே, கோத்தியே டோனே என்ற சகோதரர்கள். அவள் அப்பாவிடம் சொன்னாள், அவன் ஆள் வைத்துக் கண்காணித்தான், மாட்டிக்கொண்டார்கள். இது அந்தக் காலத்துக் குறிப்புகளில் வருகிற கதை. இசபெல்லா சொல்லித்தான் வெளியே வந்தது என்பதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனா கைது, விசாரணை, தண்டனை எல்லாம் நிஜம். டோனே சகோதரர்களைக் கொடூரமாகச் சித்திரவதை செய்து கொன்றார்கள். லூயியின் மனைவி மார்கரெட்டுக்கும் சார்லஸின் மனைவி பிளான்ஷுக்கும் தலையை மொட்டையடித்துச் சிறையில் போட்டார்கள். ஃபிலிப்பின் மனைவி ஜோனுக்கு விஷயம் தெரியும், மறைத்தாள் என்று குற்றச்சாட்டு. அவள் மட்டும் தப்பித்தாள்.

மார்கரெட்டுக்கு அப்போ இரண்டு வயசில் ஒரு மகள் இருந்தாள். அவள் பேரும் ஜோன் (இந்தக் குடும்பத்தில் பேர்களுக்கு அவ்வளவு பஞ்சம்). லூயியின் ஒரே குழந்தை. அம்மா சிறையில். இவள் உண்மையிலேயே லூயியின் மகள்தானா என்று எல்லாரும் காதோடு காதாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அதே 1314 நவம்பரில் நான்காம் ஃபிலிப் செத்தான். மூத்தவன் லூயி ராஜாவானான். சிறையிலேயே மார்கரெட் இறந்துபோக, உடனே அன்ஜூ கிளைப் பெண் கிளெமென்சியாவை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். 1316 ஜூனில் டென்னிஸ் மாதிரி ஒரு ஆட்டம் ஆடிக் களைத்து, குளிர்ந்த ஒயினை மடமடவென்று குடித்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்பார்கள். வயசு 26. கிளெமென்சியா கர்ப்பம். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நவம்பரில் ஆண் குழந்தை. முதலாம் ஜான் என்று பேர் வைத்தார்கள். ஐந்து நாள் ராஜா. ஐந்தாம் நாள் செத்துப்போச்சு.

329 வருஷ லிங்க்டு லிஸ்ட்டில் முதல் முறையாக நல் பாயின்ட்டர்.

நியாயப்படி அடுத்தது யார்? மகள் ஜோன் இருக்கிறாள், வயசு நாலு. பெண் பட்டத்துக்கு வரக்கூடாது என்று அதுவரைக்கும் பிரான்ஸில் எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. தேவைப்படவே இல்லையே. பாட்டி நவாருக்கு ராணியாக இருந்தவள். ஆர்ட்வா சீமையை அப்போ ஆண்டுகொண்டிருந்ததே மகோ என்ற ஒரு பெண்தான். தாய்மாமன் பர்கண்டி டியூக் ஓடோ, ஜோன் பக்கம் நின்றான்.

ஆனா சித்தப்பா ஃபிலிப் வேகமான ஆள். 1317 ஜனவரியில் ரீம்ஸ் நகரத்து வாசல்களைச் சாத்திக் காவல் போட்டுவிட்டு உள்ளே பட்டம் கட்டிக்கொண்டான். அடுத்த மாதம் பாரிஸில் பிரபுக்கள், பிஷப்புகள், நகரப் பெரியவர்கள், பல்கலைக்கழக அறிஞர்கள் எல்லாரையும் கூட்டி, பிரான்ஸ் சிம்மாசனத்துக்குப் பெண் வர முடியாது என்று முடிவு எடுக்க வைத்தான். ஓடோவுக்குத் தன் மகளையே கட்டிக்கொடுத்து வாயை அடைத்தான். டெட்லைனுக்கு முந்தின நாள் ராத்திரி போடுகிற பேட்ச் மாதிரி ஒரு சட்டம். ஒரே ஒரு நாலு வயசுப் பொண்ணை வெளியே நிறுத்துவதற்காக எழுதியது.

பேட்ச் போட்டவனையே அது முதலில் கடித்தது. ஃபிலிப்பின் ஒரே மகன் குழந்தையிலேயே செத்தான். மிச்சம் எல்லாம் பெண்கள். 1322ல் அவன் சாக, அவன் மகள்களுக்கும் அதே கதவு. தம்பி சார்லஸ் ராஜாவானான்.

இந்த நேரம் இங்கிலாந்தில் இசபெல்லாவின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. எட்வர்டுக்குப் புது நெருங்கிய ஆள் கிடைத்தான், ஹ்யூ டெஸ்பென்சர். கேவஸ்டனையாவது வாய்த்துடுக்கு என்று விட்டுவிடலாம். இவன் நிலத்தைப் பிடுங்குகிறவன், விதவைகளைக்கூட விடாதவன். 1324ல் பிரான்ஸோடு கஸ்கனிக்காகச் சண்டை வர, ராணி எதிரி நாட்டுக்காரி என்று சொல்லி அவளுடைய நிலங்களைப் பறிமுதல் செய்தார்கள். அவளோடு பிரான்ஸிலிருந்து வந்த வேலைக்காரர்களையும் விரட்டினார்கள். பதினாறு வருஷம் ராணியாக இருந்தவள் கைச்செலவுக்குக் கணவனின் கஜானாவை எதிர்பார்க்க வேண்டிய நிலை.

அப்புறம் அதே ஆட்கள் ஒரு பெரிய தப்பு செய்தார்கள். சமாதானம் பேச அண்ணன் தம்பி உறவு உள்ளவளை அனுப்பினால் நல்லது என்று 1325 மார்ச்சில் அவளையே பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். கஸ்கனிக்காக பிரெஞ்சு ராஜா முன்னால் மண்டியிட்டு விசுவாசம் தெரிவிக்க எட்வர்ட் வரவேண்டும். அவன் போனால் டெஸ்பென்சரை இங்கே பிரபுக்கள் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். அதனால் 12 வயசு மகனை அனுப்பினான். பட்டத்து வாரிசு இப்போ அம்மா கையில், அதுவும் வேற நாட்டில்.

இசபெல்லா திரும்ப மறுத்தாள். எனக்கும் என் கணவனுக்கும் நடுவில் ஒருத்தன் வந்துவிட்டான், அவன் போகிறவரை நான் விதவைதான் என்கிற மாதிரி கறுப்பு உடுத்த ஆரம்பித்தாள். லண்டன் கோபுரச் சிறையில் காவலர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தப்பி வந்த ரோஜர் மார்டிமர் என்ற பிரபு அங்கே அவளோடு சேர்ந்தான். கூட்டாளி, பிறகு காதலன். ஹைனோ என்ற சீமையின் பிரபு மகளுக்குத் தன் மகனை நிச்சயம் செய்து, அதற்குப் பதிலாகக் கப்பலும் ஆட்களும் வாங்கினாள். அவளை ஒரு ஒப்பந்தத்துக்காகக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போ அவளும் மகனை வைத்து அதே வேலையைச் செய்தாள்.

1326 செப்டம்பர் 24. சுமார் 1,500 பேரோடு சஃபக் கடற்கரையில் இறங்கினாள். ஒரு நாட்டைப் பிடிக்க இது ஒரு படையே இல்லை. ஆனா எதிர்க்க யாரும் வரவில்லை. போகிற வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். லண்டன் அவள் பக்கம் திரும்பியது. எட்வர்ட் வேல்ஸுக்கு ஓடி நவம்பரில் பிடிபட்டான். டெஸ்பென்சரை ஹெர்ஃபோர்டில் பொது இடத்தில் வெட்டிக் கொன்றார்கள். 1327 ஜனவரியில் எட்வர்டின் பட்டத்தைப் பறித்து 14 வயசு மகனை மூன்றாம் எட்வர்ட் ஆக்கினார்கள். செப்டம்பரில் பெர்க்லி கோட்டைச் சிறையில் பழைய ராஜா செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பி கதை யூடியூபில் நிறைய சுத்துது. அது பின்னால் சேர்ந்த கதை என்றுதான் இப்போ பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கொலை என்பதில் பலருக்குச் சந்தேகம் இல்லை. அதில் இசபெல்லாவுக்கு எவ்வளவு பங்கு என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இப்போ 1328க்கு வருவோம். பிப்ரவரி 1, கடைசிச் சகோதரன் சார்லஸும் செத்தான். அவன் மனைவி கர்ப்பம். மறுபடியும் நாடே காத்திருந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி குழந்தை பிறந்தது. பெண்.

மெயின் லைன் முடிந்தது. நான்காம் ஃபிலிப்பின் பிள்ளைகளில் உயிரோடு மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி, இசபெல்லா. அவளுக்கு மகன் இருக்கிறான். செத்துப்போன ராஜாவுக்கு உயிரோடு இருக்கிற ஆண்களிலேயே ரொம்ப நெருங்கிய சொந்தம் அவன்தான், சொந்த அக்கா தங்கை மகன். உரிமை கேட்டு இங்கிலாந்திலிருந்து இரண்டு பிஷப்புகளை பாரிஸுக்கு அனுப்பினாள்.

பதில் தயாராக இருந்தது. பெண்ணுக்கே அந்த உரிமை இல்லை, தன்னிடம் இல்லாததை அவள் எப்படி மகனுக்குக் கொடுப்பாள்? 1317ல் ஜோனுக்குச் சாத்திய கதவின் மேல் இன்னொரு பூட்டு. 1314ல் அண்ணிகளைப் பற்றிச் சொன்னது இசபெல்லாதான் என்றால், ஜோனின் பிறப்பின் மேல் முதல் சந்தேகம் விழக் காரணம் இவள்தான். அந்தச் சந்தேகம் இல்லாமல் இருந்திருந்தால் ஜோனை ஒதுக்குவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

பெண் வழி செல்லும் என்று வைத்தாலும் இசபெல்லாவின் வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. பெண் வழி செல்லும்னா முதல் உரிமை அண்ணன் மகள் ஜோனுக்கு. பெண் ஆள முடியாது, ஆனா மகனுக்குக் கடத்தலாம் என்று சொன்னால் மட்டும்தான் எட்வர்ட் வருவான். அதுவும் ஜோனுக்கு அப்போ மகன் பிறக்கவில்லை என்பதால். 1332ல் பிறந்தான். சார்லஸ் என்று பேர். வளர்ந்து இரண்டு தரப்புக்கும் தலைவலி ஆனவன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை விட, யார் கையில் ஆட்சி இருக்கிறது என்பதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோணுது. எட்வர்டுக்கு 15 வயசு, வெளிநாட்டு ராஜா, பின்னால் இருந்து ஆட்டுவது அம்மாவும் அவள் காதலனும். எதிரில் 35 வயசு ஃபிலிப், பாரிஸிலேயே இருக்கிறவன், ஏற்கெனவே பொறுப்பு ஆட்சியாளன். யாருடைய மகன் தெரியுமா? முடிசூட்டு விருந்தில் கோபித்துக்கொண்டு போன வாலுவா சித்தப்பாவின் மகன். ராஜாவின் மகன், ராஜாவின் தம்பி, மூன்று ராஜாக்களுக்குச் சித்தப்பா, ஆனா கடைசி வரை ராஜாவாகாத ஒரு மனுஷனின் பிள்ளை. மே மாதம் அவன் ஆறாம் ஃபிலிப் ஆனான். வாலுவா கிளை மெயின் லைன் ஆச்சு. ஜோனுக்குப் பாட்டியின் நவார் திரும்பக் கிடைத்தது. அவள் கட்டிக்கொண்டது எவ்ரோ சித்தப்பாவின் மகனை. ஆக அந்தக் கிளைக்கும் ஒரு கிரீடம்.

இங்கிலாந்தில் இசபெல்லா தான் வெறுத்ததையே செய்துகொண்டிருந்தாள். தனக்கு வருஷம் 20,000 மார்க் வருமானம் ஒதுக்கிக்கொண்டாள், அந்தக் காலத்துக்கு அது கண்மண் தெரியாத தொகை. மார்டிமர் இன்னொரு டெஸ்பென்சர் ஆகிவிட்டான். ஸ்காட்லாந்தோடு சமாதானத்துக்கு, தன் ஏழு வயசு மகளை நாலு வயசு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தாள். கணவனின் தம்பியான கென்ட் பிரபுவுக்கு மரண தண்டனை. 1330 அக்டோபரில் ஒரு ராத்திரி, பதினெட்டு வயசு ஆகப்போகிற மகன் ஆட்களோடு ரகசியச் சுரங்க வழியாக நாட்டிங்காம் கோட்டைக்குள் நுழைந்து மார்டிமரைப் பிடித்தான். அடுத்த மாதம் தூக்கு. அம்மாவின் மேல் கை வைக்கவில்லை. நிலங்களை வாங்கிக்கொண்டு வருஷம் 3,000 பவுண்டு ஒதுக்கினான்.

மகன் மனசில் மட்டும் 1328 ஆறவே இல்லை. முதலில் பொறுத்து, 1329ல் ஆமியானில் ஆறாம் ஃபிலிப்புக்கு விசுவாசம் தெரிவித்தான். 1337ல் ஃபிலிப் கஸ்கனியைப் பறிமுதல் செய்ய, சண்டை ஆரம்பம். 1340ல் தன்னை பிரான்ஸின் ராஜா என்று அறிவித்தான், அம்மாவின் உரிமையில். நூற்றாண்டுப் போர் என்று நாம கேள்விப்பட்டது இதுதான். கிரெஸி, புவாத்தியே, அஜின்கூர், ஜோன் ஆஃப் ஆர்க் எல்லாம் இதில்தான். 1453 வரை இழுத்தது. பெண்களை விலக்கியதற்கு மிகப் பழைய சாலிக் சட்டம்தான் ஆதாரம் என்று பிரெஞ்சு அறிஞர்கள் எழுத ஆரம்பித்ததே போர் நடக்கும்போதுதான். 1317லோ 1328லோ யாரும் அதைக் காட்டவில்லை. முதலில் முடிவு, அப்புறம் ரெஃபரன்ஸ். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரியே.

இங்கிலாந்து ராஜாக்கள் பட்டப்பேரில் பிரான்ஸை 1801 வரை விடவில்லை. பிரான்ஸில் வாலுவா கிளை 1589ல் முடிய, 300 வருஷமாகக் காத்திருந்த பூர்பன் கிளைக்கு வாய்ப்பு வந்தது. 1793ல் பதினாறாம் லூயியைக் கில்லட்டினுக்குக் கொண்டுபோனபோது புரட்சிக்காரர்கள் அவனுக்கு வைத்த பேர், குடிமகன் லூயி கபே.

இசபெல்லாவுக்குப் பைத்தியம் பிடித்தது, கோட்டையில் அடைத்து வைத்தார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. 'பிரான்ஸின் பெண் ஓநாய்' என்ற பேரும் அவள் காலத்தில் கிடையாது. ஷேக்ஸ்பியர் வேற ஒரு ராணிக்கு வைத்ததை 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் கிரே என்ற கவிஞர் இவளுக்கு மாற்றிவிட்டார். நார்ஃபோக்கில் காஸில் ரைசிங் கோட்டையில் நிறைய நாள் இருந்தாள், ஊர் ஊராகப் போனாள், பேரன் பேத்திகளைப் பார்த்தாள், நகை வாங்கினாள். அவளுடைய கடைசி மாதங்களின் வீட்டுக் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. வந்துபோன விருந்தாளிகள் பட்டியலில் ஒரு பேர், பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஜான். ஆறாம் ஃபிலிப்பின் மகன். 1356ல் புவாத்தியே போரில் இசபெல்லாவின் பேரனிடம் பிடிபட்டு லண்டனுக்குக் கைதியாக வந்தவன். தன் மகனுக்குக் கிடைக்காத கிரீடத்தின் சொந்தக்காரனோடு அவள் சாப்பிட்டாள், பேசினாள். ஆர்தர் ராஜா கதைப் புத்தகங்கள் கூட இரண்டு பேருக்கும் நடுவில் கைமாறியிருக்கு. என்ன பேசியிருப்பாங்க என்று கணக்குப் புத்தகத்தில் இருக்காது இல்லையா.

1358 ஆகஸ்ட் 22ல் ஹெர்ட்ஃபோர்டில் இறந்தாள். லண்டன் கிரேஃப்ரையர்ஸ் தேவாலயத்தில் அடக்கம். 12 வயசில் போட்ட கல்யாண அங்கியைப் போர்த்தி, எட்வர்டின் இதயம் வைத்த பெட்டியோடு புதைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தேவாலயம் 1666 லண்டன் பெருந்தீயில் எரிந்தது. அதே இடத்தில் கட்டிய இன்னொன்றை 1940ல் ஜெர்மன் குண்டு அழித்தது. இப்போ அங்கே ஒரு ரோஜாத் தோட்டம் இருக்கிறது.